புகார் சொல்ல ஆளில்லாத பூங்கா

பூங்காவின் இரும்புக் கதவில் இடதுபக்கம் மட்டும் அடம்பிடிக்கும். தள்ளினால் வராது. இடுப்பிலிருந்து குழந்தையைத் தூக்குவதுபோல லேசாகத் தூக்கி, அப்புறம் இழுக்க வேண்டும். அந்த சூட்சுமம் தெரிந்தவர் ஊரிலேயே ஒருவர்தான். காலையில் திறப்பதும் இருட்டினால் பூட்டுவதும் அவரே. அதனால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் 'கேட்டுக்காரர்'. பெற்றோர் வைத்த பெயர் சம்பளத் தாளில் மட்டும் பிழைத்துக் கிடந்தது.

ஊர் சின்னது. ஒரு பூங்கா, ஒரு நீச்சல்குளம், ஒரு பந்து மைதானம், மழை வந்தால் ஒழுகுகிற ஓர் உள்ளரங்கம். இந்த நான்கையும் பார்த்துக்கொள்ள நகராட்சியில் ஒரு பிரிவு. அந்தப் பிரிவுக்கு ஒரே ஓர் அறை. அறைக்குள் ஒரு செயலாளர், ஒரு மேற்பார்வையாளர், புகார்த் தொலைபேசியை எடுக்க ஒரு பெண். அங்கே ஒரு வழக்கம் ஊறிப்போயிருந்தது. ஊழியர் போய்க் குறை சொன்னால் "பாக்கலாம்" என்பார்கள். பொதுமக்கள் தொலைபேசியில் சொன்னால் மட்டும் ஆள் அனுப்புவார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்துக்கொண்ட அலுவலகம் அது.

கேட்டுக்காரர் சேர்ந்த புதிதில் இது புரியாமல் நடையாய் நடந்தார். ஊஞ்சல் சங்கிலி தேய்ந்துவிட்டது என்று போய்ச் சொன்னார். பாக்கலாம். குடிதண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது. பாக்கலாம். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவர் புலம்பியபோது, தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அவர் மனைவி காலை நிறுத்தினாள்.

"மக்கள் சொன்னாதான் கேப்பாங்களா?"

"ஆமா."

"நான் யாரு? மாடா, மரமா?"

மெஷினுக்குப் பக்கத்திலேயே தொலைபேசி இருந்தது. எடுத்து எண்ணைச் சுழற்றினாள். இருமினாள். குரலுக்கு இருபது வயது கூட்டிக்கொண்டாள்.

"ஹலோ, நான் பூங்காத் தெருவுலேருந்து பேசுறேன்மா. மூணு பிள்ளை பெத்தவ. ஊஞ்சல் சங்கிலி தேய்ஞ்சு நூலா நிக்குது. பிள்ளைங்க விழுந்தா உங்க செயலாளர் வந்து தூக்குவாரா? அங்க ஒரு காவல்காரன் இருக்கான் பாருங்க, சரியான சோம்பேறி. நாள் முழுக்க மரத்தடியில உக்காந்து கொட்டாவி விடுறான்."

வாயில் வைத்த கவளத்தோடு கேட்டுக்காரர் விழித்தார். அவள் ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பவும் மெஷினை மிதித்தாள்.

"ஒரு பொண்ணப் பெத்துட்டு மூணுன்னு சொல்ற?"

"ஒண்ணுன்னா மதிக்க மாட்டாங்க."

"சோம்பேறின்னது?"

"அது உண்மைதானே. நேத்து துணி காயப்போடச் சொன்னேன், போட்டீங்களா?"

மறுநாளே சங்கிலி மாறியது. அன்றிலிருந்து பூங்காவின் அழுகையை அவள் எடுத்துக்கொண்டாள். ஒருநாள் மூணு பிள்ளை பெத்தவள், ஒருநாள் முட்டிவலிக் கிழவி, ஒருநாள் மாசமாக இருக்கிற மருமகள். ஒவ்வொருத்தி வாயிலும் காவல்காரனுக்கு ஒரு குட்டு கட்டாயம் உண்டு. "இன்னைக்கு உங்கள நல்லா திட்டிருக்கேன், சந்தோஷமா வேலைக்குப் போங்க" என்பாள். இப்படித்தான் சீசாவுக்குப் புதுப் பலகை வந்தது. நடைபாதைக்குச் செங்கல் வந்தது. பெண்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் வந்தது. மகள் படித்து, கல்யாணமாகி, வேறு தேசத்துக்குப் போகிறவரை பூங்கா குறையில்லாமல் இருந்தது.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. தானே நடந்துபோய் ஆஸ்பத்திரியில் படுத்தவள் நடந்து திரும்பவில்லை.

எடுத்துப் போகிற அன்று பூங்காவில் நடப்பவர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். காரியமெல்லாம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய காலையில் இடது கதவு இரண்டு தடவை தூக்கியும் வரவில்லை. தினமும் முதல் ஆளாக நடக்க வருகிற ஓய்வுபெற்ற நர்சம்மா அதைப் பார்த்தார். இன்னொரு பக்கம் பிடித்துக் கொடுத்தார்.

தொலைபேசி இருந்த இடத்தில் இருந்தது. மெஷின் மேல் ஒரு துணி போர்த்தியிருந்தார். ரிசீவரை எடுத்தால் அந்த இருமல் ஞாபகம் வரும். எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டால் மட்டும் எடுப்பார். "சாப்பிட்டீங்களாப்பா, தூங்குனீங்களாப்பா, கதவ சாத்துனீங்களா, மருந்து இருக்கா, எங்கிட்ட எதையும் மறைக்கலையே" என்று அவள் மூச்சுவிடாமல் கேட்பாள். "ஒரு குறையும் இல்லம்மா" என்பார்.

பூங்காவுக்கும் ஒரு குறையும் இல்லை என்றே ஆகிவிட்டது. ஊஞ்சல் சங்கிலி மறுபடி தேய்ந்தது. அவர் போய்ச் சொன்னார், மேற்பார்வையாளர் "பாக்கலாம்" என்றார். அவர் கம்பி வாங்கிவந்து கட்டினார். சறுக்குமரத்தின் தகடு ஓரத்தில் எழும்பியது. சுத்தியலால் தட்டிவிட்டார். ஒரு வாரத்தில் மறுபடி எழும்பியது. தட்டினார். அறுபதை நெருங்குகிற மனிதர் குந்தி உட்கார்ந்து தகடு தட்டுவதை ஊர் பார்த்தது. மனம் கசிந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை.

ஒரு வருடம் ஆகியிருக்கும். கதவில் நகராட்சி அறிவிப்பு ஒன்றை ஒட்டினார்கள். பூங்காவை மூடி, அந்த இடத்தில் குப்பை வண்டிகளும் தண்ணீர் வண்டிகளும் நிறுத்தப்போவதாகவும், மக்கள் கருத்துக் கேட்க வெள்ளிக்கிழமை மாலை உள்ளரங்கத்தில் கூட்டம் என்றும் அதில் இருந்தது. கேட்டுக்காரர் செயலாளரிடம் ஓடினார்.

செயலாளர் கெட்டவர் இல்லை. நாற்காலி காட்டினார். "முன்னாடி வாரம் தவறாம புகார் வரும். இப்ப ஒரு வருஷமா ஒண்ணுகூட இல்ல. ஆள் புழங்குற எடத்துல குறை இருக்கும். குறையே இல்லன்னா ஆளே இல்லன்னுதானே அர்த்தம்?"

"ஆள் வர்றாங்க சார். வந்து பாருங்க."

"நீங்க சொன்னா அது ஊழியர் சொன்னது. மக்கள் சொல்லணும்."

சரி, மக்களையே சொல்ல வைப்போம் என்று கிளம்பினார். முதலில் நர்சம்மாவைப் பிடித்தார்.

"நர்சம்மா, ஒரு உதவி. எம்மேல ஒரு புகார் குடுக்கணும்."

அந்த அம்மா நடந்த நடையில் நின்றுவிட்டார். "உங்க மேலயா? என் நாக்கு அழுகிப் போயிடும்."

"எம்மேல வேண்டாம். ஊஞ்சல் மேல குடுங்க."

"ஊஞ்சல் யாரு பொறுப்பு?"

"என் பொறுப்புதான்."

"அப்புறம்? பொண்டாட்டிய வாரிக்குடுத்துட்டு நிக்கிற மனுஷன் பொழப்புல மண்ணள்ளிப் போடச் சொல்றீங்களா? கூட்டத்துக்கு வர்றேன். உங்களப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்றேன். போதுமா?"

"நல்ல வார்த்தை வேண்டாம்மா" என்று அவர் கெஞ்சினார். அந்த அம்மா அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கே போனாலும் அதே கதை. சீட்டு விளையாடும் பெரியவர்கள், "உடைஞ்ச பெஞ்சுல உக்காந்தா இடுப்புக்கு நல்லது" என்றார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, "குழாய் ஒழுகுனா என்னண்ணே, காக்கா குடிச்சிட்டுப் போகுது" என்றாள். ஊரே பேசி வைத்துக்கொண்டதுபோல இருந்தது. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அவரவர் தனித்தனியாக இரக்கப்பட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் பூங்கா எதிரே இருக்கும் பேக்கரிக்காரம்மாவின் மகள், ஊஞ்சலை ஒரே கையால் பிடித்துக்கொண்டு ஆடுவதைப் பார்த்தார். மற்றொரு கை மடியில் கிடந்தது. உள்ளங்கை முழுக்கக் கட்டு.

"என்ன பாப்பா கையில?"

"சறுக்குமரத்துல கிழிச்சிடுச்சு. தையல் போட்டாங்க." உடனே உதட்டைக் கடித்துக்கொண்டது. "அம்மா உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. நீங்க அழுவீங்களாம்."

அவர் சறுக்குமரத்துக்குப் போனார். தகட்டின் ஓரத்தில் விரலை வைத்தார். அவர் தட்டிச் சரிசெய்ததாக நினைத்த இடம்தான். ரத்தம் தெரியாதபடி யாரோ ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தார்கள். சாலையைக் கடந்து பேக்கரிக்குப் போனார். ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்த அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்ததுமே கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சின்னக் காயம்ணே. ஆறிடும்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"அக்கா போனதுலேருந்து நீங்க எப்படி இருக்கீங்கன்னு தினம் இங்கேருந்து பாக்குறேன். சொல்ல மனசு வரல."

"நாளைக்கு இன்னொரு பிள்ளைக்குக் கண்ணு போச்சுன்னா?"

அவள் அடுக்கிய ரொட்டியையே திரும்ப அடுக்கினாள். அவர் சறுக்குமரத்தின் ஏணியைக் கயிறு கட்டி அடைத்துவிட்டு, மரத்தடியில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார்.

உள்ளரங்கத்தில் பேட்மின்டன் வலையைச் சுருட்டி ஓரமாய் வைத்து நாற்காலி போட்டிருந்தார்கள். செயலாளரும் மேற்பார்வையாளரும் முன்னால். சுவரோரம் புகார்த் தொலைபேசிப் பெண் எழுதுவதற்குத் தயாராக இருந்தாள். கேட்டுக்காரர் கடைசி வரிசையில் சீருடையோடு உட்கார்ந்தார். ஊழியர் பொதுக்கூட்டத்தில் நகராட்சியைக் குறை சொல்லக் கூடாது என்பது விதி. சொன்னால் இடம் மாற்றிவிடுவார்கள். அவருக்கு அது நன்றாகவே தெரியும்.

நர்சம்மா எழுந்தார். சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். "அவரு பாத்துக்குற பூங்காவுல ஒரு குறையும் இல்ல. தங்கமான மனுஷன்." கைதட்டினார்கள். அடுத்து எழுந்தவரும் தங்கம் என்றார். அதற்கடுத்தவர் வைரம் என்றார்.

செயலாளர் பேனாவை மூடினார். "ரொம்ப சந்தோஷம். ஆக, சரிசெய்ய வேண்டியது ஒண்ணுமில்ல. நிதி ஒதுக்கவும் அவசியமில்ல. மூடுறதுக்கு எதிரா யாருக்காவது சொல்ல இருக்கா? மௌனம் சம்மதம்னு எடுத்துக்கலாமா?"

பாராட்டு எங்கே போய் முட்டிக்கொண்டது என்று அப்போதுதான் அரங்கத்துக்கு உறைத்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அவர் எதிரில், அவர் வேலையைக் குறை சொல்லி எழுந்திருக்க யாருக்கும் கால் வரவில்லை.

கேட்டுக்காரர் எழுந்தார். இருமினார்.

"நான் பூங்காத் தெருவுலேருந்து பேசுறேன்."

சுவரோரப் பெண் சட்டென்று நிமிர்ந்தாள்.

"நீங்க ஊழியர். உக்காருங்க" என்றார் மேற்பார்வையாளர்.

"சறுக்குமரத் தகடு ஒரு பிள்ளை கையக் கிழிச்சிருக்கு. ஊஞ்சல் கம்பியில தொங்குது. பெஞ்சு ஒடைஞ்சு கிடக்கு, குழாய் ஒழுகுது. அங்க ஒரு காவல்காரன் இருக்கான், சரியான சோம்பேறி. 'சொல்லிட்டேன், அவங்க பாக்கல'ன்னு வீட்டுக்குப் போயிடுறான். முன்னாடி அவனுக்காகக் கேட்க ஒருத்தி இருந்தா. அவ போனப்புறம் அவன் வாயும் போயிடுச்சு. ஊரு அவனப் பாத்துப் பாவப்படுது. பாவப்பட்டுப் பாவப்பட்டு, பிள்ளை ரத்தத்தக்கூட துடைச்சு மறைக்குது." குரல் அவருடையதுதான். வார்த்தைகள் ஒரு தையல் மெஷினுக்குப் பக்கத்திலிருந்து வந்தன. "எனக்காகப் பாவப்படாதீங்க. புகார் குடுங்க."

உட்கார்ந்துவிட்டார்.

பிறகு பேக்கரிக்காரம்மா எழுந்தாள். "கை கிழிஞ்சது எம்பொண்ணுக்குத்தான். அஞ்சு தையல்" என்றாள். அழுகையும் கோபமும் கலந்து வந்தது. நர்சம்மா திரும்ப எழுந்து, தங்கத்தை வாபஸ் வாங்காமலே, மறுபடி உடைந்துபோன கழிவறைத் தாழ்ப்பாளைப் பற்றி ஆரம்பித்தார். சீட்டுக்காரப் பெரியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெஞ்சைப் பற்றிச் சொன்னார். ஒரு வருடமாக அடைத்திருந்த குழாய் திறந்ததுபோல ஊரே பேசியது. சுவரோரப் பெண் தாள் மாற்றித் தாள் மாற்றி எழுதினாள்.

பூங்கா மூடப்படவில்லை. புதுச் சறுக்குமரம் வந்தது, ஊஞ்சலுக்குச் சங்கிலி வந்தது. கேட்டுக்காரருக்கு மாற்றல் உத்தரவும் வந்தது. ஊரின் மறுகோடியிலிருந்த நீச்சல்குளத்துக்குப் போகச் சொன்னார்கள். கடைசிநாளில் புதுக் காவல்காரரிடம் கதவைத் தூக்கி இழுக்கச் சொல்லிக்கொடுத்தார். அவர் இரண்டு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு, "இத மாத்தச் சொல்லணும்ணே" என்றார். "நீங்க சொன்னா பாக்கலாம்னுதான் சொல்வாங்க" என்றார் இவர்.

நீச்சல்குளத்தில் குளோரின் வாடை. யாரும் அவரைக் கேட்டுக்காரர் என்று கூப்பிடுவதில்லை. கூப்பிட அங்கே கேட்டும் இல்லை, சுழலும் தடுப்புதான். அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வழக்கம்போலக் கேட்டாள். "குறை இருக்கும்மா" என்றார் அவர். மறுமுனையில் அவள் பதறியபோது, வேலை மாறியது, வீடு அமைதியாக இருப்பது, ராத்திரிகளில் மெஷின் சத்தம் இல்லாமல் தூக்கம் வராதது எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழுதாள். இவரும் அழுதார். அப்புறம் இரண்டு பேரும் வெகுநேரம் சாதாரணமாகப் பேசினார்கள்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பூங்காவைச் சுற்றிக்கொண்டு போனார். இடது கதவு பாதி திறந்து தரையில் இழுபட்டுக் கிடந்தது. உள்ளே நுழைய ஒரு தள்ளுவண்டிக் குழந்தையோடு ஒருத்தி திணறிக்கொண்டிருந்தாள். அவர் போய்த் தூக்கிவிடவில்லை. கை பரபரத்தது, ஆனாலும் வீட்டுக்குத் திரும்பினார். மெஷின் மேலிருந்த துணியை எடுத்து மடித்து வைத்தார். ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ, நான் பூங்காத் தெருவுலேருந்து..."

மறுமுனையில் புகார்த் தொலைபேசிப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மூணு பிள்ளை பெத்தவங்க வீடுதானே சார்?"

அவர் மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாம்மா" என்றார். "கேட்டு சரியில்ல. இடதுபக்கக் கதவு."

"எழுதிக்கிட்டேன் சார்" என்றாள் அவள். "காவல்காரரு எப்படி?"

"சோம்பேறிதான்" என்றார் அவர். "ஆனா பழகிக்குவான்."