ஐந்து கட்டையில் நாலாவது கார்டு

திங்கட்கிழமை காலை தபலா சுந்தரம் வந்து, "கிதார் ஏழுமலை போய்ட்டாருங்க. மாரு வலிக்குதுன்னாராம், அவ்ளோதான்" என்றார். எனக்கு அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. இந்த மனுஷர் எதையும் சொல்லிவிட்டுச் செய்ததே இல்லை.

ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்துவந்த ஏழுமலையும் ஆர்மோனியம் வாசிக்கும் நானும் பதினோரு வருஷம் ஒரே மெல்லிசைக் குழுவில் இருந்தோம். அவரோடு வாசித்தவர்களுக்கு என் பாடு தெரியும். சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவதைக் கார்டு என்பார்கள். எல்லோரும் அதை ஆங்கில எழுத்தால் குறித்தால் இவர் எண்ணால் குறிப்பார். "ச-வுக்கு ஒண்ணு, ம-வுக்கு நாலு, ப-வுக்கு அஞ்சு. இதுல என்னங்க கஷ்டம்?" என்பார்.

கஷ்டம் இருந்தது. எங்களுக்கு நாலு என்றால் நாலு கட்டை சுருதி, ஆர்மோனியத்தில் எந்தப் பாட்டுக்கும் மாறாத ஒரே இடம். அடி அண்ணாமலை கிராமத்தில் ஒரு கல்யாணம். பாட்டு ஐந்து கட்டையில் போய்க்கொண்டிருந்தது. ஏழுமலை "நாலு!" என்று கத்தினார். நான் நாலாம் கட்டையை அழுத்தினேன். அவர் வாசித்ததோ ஒன்றாம் கட்டையில். ஐந்து, ஆறு, ஏழு, மறுபடி ஒன்று என்று ஐந்திலிருந்து எண்ணினால் நாலாவது ஸ்வரம் அங்கேதான் வருமாம்! மாப்பிள்ளையின் மாமா காதைப் பொத்திக்கொண்டார். மேடையை விட்டு இறங்கியதும் ஏழுமலை, "தப்பு உங்க மேலதான்" என்றார். இரண்டு மாதம் நாங்கள் பேசவில்லை.

பிறகு தேரடி வீதியில் ஒரு கச்சேரி. எங்கள் பாடகி ராஜாமணியின் பாட்டைக் கேட்க வானொலியிலிருந்து ஒருவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் பாட்டுக்கு முன் அந்தப் பெண் கலங்கிய கண்களோடு என்னிடம் குனிந்து, "அண்ணே, தொண்டை கட்டிடுச்சு. நாலு கட்டைக்கு எறக்கிடுங்க" என்றாள். என் நோட்டில் ஐந்து கட்டைக்கான எழுத்துகள் மட்டுமே இருந்தன. நான் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினேன்.

ஏழுமலை நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சுருதிதான் மாறுது, நம்பர் மாறல. நான் சொல்றேன், நீங்க புது சுருதியிலேந்து எண்ணுங்க." பாட்டு முழுக்க ஒண்ணு, நாலு, அஞ்சு என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்திலும் நாங்கள் இடறவில்லை. ராஜாமணிக்கு வானொலி வாய்ப்பு கிடைத்தது.

அதோடு விட்டாரா? டீக்கடையில் எல்லார் முன்னாலும், "இப்பவாவது ஒத்துக்கிறீங்களா?" என்றார். நான், "டீயில சக்கரை ஜாஸ்தி" என்றேன்.

இன்று என் நோட்டுகளில் எழுத்துகள் இல்லை, அவருடைய எண்கள்தான் இருக்கின்றன. அவர் இருக்கும்போதே திருட்டுத்தனமாக மாற்றிவிட்டேன். அவர் எட்டிப் பார்த்தால் பக்கத்தை மூடிக்கொள்வேன். நீங்கள் சொன்னது சரி என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மறுநாளே ஏழாவது கார்டைப் பற்றி ஆரம்பித்திருப்பார்.

ஆரம்பித்திருக்கட்டுமே.