பதினாலு நாள் கோட்டு

எங்கள் மூன்றாவது மாடியில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் 'பதினாலு நாள்' என்று பெயர். வைத்தவன் நான்தான். பெரிய துணிக்கடை ஒன்றில், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களுக்கான கவுன்டரில் இருபது வருஷம் உட்கார்ந்தவர். பில் இருக்க வேண்டும், டேக் அறுக்காமல் இருக்க வேண்டும், பதினாலு நாளைக்குள் வர வேண்டும். பணம் திரும்பக் கிடைக்கும். உடுத்திவிட்டுக் கொண்டுவருகிற கில்லாடிகளைப் பிடிக்க அவரிடம் இருந்த ஒரே கருவி மூக்கு. காலரை மோந்து பார்த்தே, போட்டவர் பஸ்ஸில் வந்தாரா காரில் வந்தாரா என்று சொல்லிவிடுவார்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு மனுஷன் தலைகால் தெரியாமல் செலவு பண்ணினார். மச்சினன் குடும்பத்துக்கு முன்னால் கெத்து குறையக் கூடாதென்று கிரெடிட் கார்டைத் தேய் தேய் என்று தேய்த்தார். அடுத்த கிறிஸ்துமஸ் வந்தும் கடன் அடையவில்லை. பேங்க்காரன் போன் பண்ணினால் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசுவார். சுவர் மெல்லிசு, கெஞ்சல் அத்தனையும் என் வீட்டில் கேட்கும்.

அடைத்து முடித்த அன்றைக்குச் சத்தியம் பண்ணினார், இனி பண்டிகைக்கென்று ஒரு பைசா கடன் கிடையாது என்று. நல்ல சத்தியம்தான். காப்பாற்றின வழிதான் கோணல். அடுத்த டிசம்பரில் குடும்பமே புதுத்துணியில் ஜொலித்தது. என் வீட்டுக்காரி வயிற்றெரிச்சலில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகுதான் சங்கதி தெரிந்தது. எல்லாம் டேக்கோடு இருந்தன. உள்பக்கமாக மடித்து ஊக்கு குத்திப் போட்டுக்கொள்வார்கள். டிசம்பர் சம்பளத்தில் தன் கடையிலேயே வாங்கி, ஜனவரி வாடகைக்குள் திருப்பிவிடுவார்.

நாலைந்து வருஷம் இப்படியே ஓடியது. மகளுக்குப் பதினாறு வயதானபோது வந்தது ஒரு கருஞ்சிவப்புக் கோட்டு. கண்ணாடியை விட்டு நகரவில்லை அவள்.

"அப்பா, இதை மட்டும் வச்சுக்கலாம்ப்பா. வேற எதுவும் கேக்க மாட்டேன்."

"பாக்கலாம்" என்றார். அப்பன்மார் சொல்கிற 'பாக்கலாம்' எந்தச் சாதி என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் அவள் நம்பினாள்.

மச்சினன் வீட்டு விருந்தில் ஊக்கு கழன்றுவிட்டது. மாமா மகள் டேக்கை வெளியே இழுத்து, சத்தமாக விலையைப் படித்தாள்.

"விலையோட வந்திருக்கா பாருங்க. இங்க யாரு வாங்கப் போறாங்க?"

"விடுடி" என்றாள் அவள் அம்மா. "கடைக்காரர் வீட்டுப் பிள்ளை, விளம்பரத்துக்குப் போட்டுட்டு வந்திருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். பதினாலு நாளும் சேர்ந்து சிரித்தார். மகள் வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலைத் தேடினாள். அவர் அதை முன்கூட்டியே ஒளித்து வைத்திருந்தார்.

வேலை செய்கிறவர்கள் வாங்கினதைத் திருப்பக் கூடாது என்பது கடைச் சட்டம். தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் மனைவி பேரில் வாங்கி, மனைவிதான் வரிசையில் வந்து நிற்பாள். அந்தத் தடவை அவளுக்குக் காய்ச்சல். மகளை வரச் சொன்னார். அன்றைக்கென்று சூப்பர்வைசர் கவுன்டர் பக்கத்திலேயே நின்றான். நானும் அவளுக்குப் பின்னால், என் வீட்டுக்காரிக்குப் பிடிக்காத ஸ்வெட்டரோடு நின்றேன்.

"என்னம்மா, பிடிக்கலையா?" என்றார், முன்பின் தெரியாதவர் மாதிரி.

"பிடிக்கல."

"போட்டீங்களா?"

"போடல, சார்."

காலரை மூக்குக்குக் கொண்டுபோனார். சூப்பர்வைசர் பார்க்கிறானே, மோந்துதானே ஆக வேண்டும். கொஞ்சம் அதிக நேரமே மோந்தார். பிறகு, "புதுசுதான்" என்று முத்திரை குத்தினார். அவள் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் சார்" என்று போனாள்.

வேலை தப்பியது, வாடகை தப்பியது. இன்றுவரை யாருக்கும் காலணா பாக்கி இல்லை என்பார். பொய் இல்லை.

மகள் இப்போது வேறு ஊரில் கை நிறையச் சம்பாதிக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வருவதில்லை. வருஷா வருஷம் கூரியரில் ஒரு சட்டை வரும், பில்லை ஊக்கால் குத்தி. அவர் அதைப் பிரிக்காமலே அலமாரியில் அடுக்கிவிடுவார்.

இந்த வருஷம் என்னைக் கூப்பிட்டார். என் கண் முன்னாலேயே கத்தரிக்கோலை எடுத்து டேக்கை அறுத்தார், பில்லைக் கிழித்தார், சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"பாப்பா, சட்டை ரொம்பப் பிடிச்சிருக்கு. டேக்கை அறுத்துட்டேன்மா."



"ஏன்ப்பா அவசரப்பட்டீங்க? இன்னும் பதினோரு நாள் இருக்கே."

போன் வைக்கிற சத்தம் கேட்டது.

"வேலை ஜாஸ்தி அவளுக்கு" என்றார் என்னிடம். கத்தரிக்கோல் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.