தங்காக் தூறலில் அணிவகுப்பு

தங்காக் கடைத்தெருவில் குடை பிடித்து நிற்கிறேன். இன்று சுல்தானின் பிறந்தநாள். காக்கி உடுப்பும் மரத் துப்பாக்கியுமாகப் பள்ளி மாணவர் படை தூறலில் அணிவகுத்து வருகிறது.

"மூணாவது வரிசையில ஓரமா வர்றான் பாருங்க, எம் பையன்," என்கிறார் பக்கத்தில் குடையோடு நிற்கும், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்.

படை நெருங்கியதும் சட்டென்று குடையை மடக்குகிறார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக் குனிகிறார். தோட்டத்தில் துரை வந்தால் இப்படித்தான் நிற்பார்கள். பையன் கண்ணைத் திருப்பவில்லை. கால் மட்டும் ஓர் அடி தப்புகிறது.

"பெத்த பிள்ளைக்கா குடைய மடக்குனீங்க?"

"உடுப்பப் பாத்ததும் கை தானா மடக்கிருச்சுங்க. அவன் பாத்திருப்பானா?"

படை போன திசையைப் பார்க்கிறேன். என் தலையிலும் தூறல் விழுகிறது. என் குடையை நான் எப்போது மடக்கினேன்?