கேன் வாயில் இருந்த நீலம்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஸ்டோர் ஒன்றில் பொன்னுமணி இருபது வருடமாகக் காய் பிரிக்கிறாள். வெளுத்தது, வெடித்தது, பூச்சி துளைத்தது என்று கண் பார்த்ததுமே விரல்கள் தாமாகவே சுளகிலிருந்து ஒதுக்கித் தள்ளும். அந்தக் கண்ணில்தான் ஒருநாள் கைபேசி வழியாகக் கடலடிப் பவளம் பட்டது. பூ என்றே நினைத்தாள். விலங்கு என்று தெரிந்ததும் அன்று முழுக்க அவளுக்கு வேறெதுவும் மனதில் தங்கவில்லை. தலை கிடையாது, கண் கிடையாது, ஆனாலும் விலங்கு.

மதுரையில் மீன்தொட்டிக் கடை வைத்திருந்த சாம் என்பவனின் நம்பரைத் தேடிப்பிடித்துப் போன் போட்டாள். பவளத் தொட்டி என்றாலே லட்சத்தில் ஆகும் என்றான் அவன்.

"இருக்கிறதுலயே சின்னது என்னப்பா?"

அந்தக் கேள்விதான் அவனை மடக்கியது. விளிம்பு உடைந்த ஓரடித் தொட்டி, பழைய மோட்டார், ஒரு நீல பல்பு, கொஞ்சம் கடல் உப்பு, காய்ந்த கல், மணல் என்று அவனே சேர்த்துக் கொடுத்தான். தண்ணீர் பக்குவப்பட மூன்று மாதம் ஆனது. அதுவரை தொட்டியில் கல்லைத் தவிர எதுவும் இல்லை.

"கல்லுக்கு லைட்டு போட்டுக் காவல் காக்குறவ ஊருலயே நீ ஒருத்திதான்" என்றான் அவள் கணவன் ராஜாராம். எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு அவனுடையது.

பிறகு சாம் தன் தொட்டியில் வளர்ந்த பொத்தான் பவளத்திலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தான், பாசி தின்ன ஒரு நத்தையும் கூடவே. காசு அகலத்தில் ஏழு மொட்டு. விளக்கைப் போட்டால் ஒவ்வொன்றாக விரியும். ஓரம் பச்சை, நடுவில் செம்மஞ்சள். கடலையே பார்த்திராத பொன்னுமணி அதன் முன்னால் தினமும் உட்கார்ந்தாள். இவ்வளவு சிறிய ஒன்று, யாரும் பார்க்காவிட்டாலும் இப்படித்தானே விரிந்திருக்கும் என்ற நினைப்பு அவளை என்னவோ செய்தது.

வெயிலில் தொட்டித் தண்ணீர் குறையும். வடிகட்டிய தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். மழைக்கு முந்தின ஒரு திங்கள்கிழமை தண்ணீர்க் கடை பூட்டியிருந்தது. அவள் வேலை விட்டு வந்தபோது தொட்டி நிறைந்திருந்தது.

"குரங்கணி ஓடைத் தண்ணி. காசு குடுத்தாலும் கெடைக்காது" என்றான் ராஜாராம். அந்தத் தொட்டிக்கு அவன் கை நீண்டது அதுவே முதல் தடவை. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் ஏழு மொட்டும் மூடிக்கிடந்தன. நத்தை மல்லாந்து செத்திருந்தது.

"அக்கா, தண்ணியில செம்பு எதுவும் கலந்துச்சா?" என்று போனில் கேட்டான் சாம்.

"செம்புப் பாத்திரமே வீட்ல கெடையாதுப்பா" என்றவள் ராஜாராம் ஓடைத் தண்ணீர் கொண்டுவந்த கேனைத் திருப்பிப் பார்த்தாள். வாயில் மூடி திருகும் மறையில் மெல்லிய நீலம். துருசு. ஏலச்செடி அழுகாமல் இருக்க மழைக்கு முன்னால் சுண்ணாம்போடு கலந்து அடிக்கிற மருந்து. அதில் இருப்பதே செம்புதான்.

"இத எங்கருந்து எடுத்தீங்க?" என்று ராஜாராமிடம் கேட்டாள்.

"எஸ்டேட்டுல சும்மா கெடந்துச்சு. மூணு தடவ கழுவுனேன் புள்ள." அவன் முகம் செத்துப்போயிற்று.

"கல்லும் மணலும் மருந்தக் குடிச்சிருக்கும்க்கா. தூக்கிப் போட்டுருங்க. பவளத்த மட்டும் புதுத் தண்ணிக்கு மாத்துங்க, வெரசா" என்றான் சாம்.

மீதமிருந்த உப்பு நாலு லிட்டருக்குத்தான் காணும். அன்று திறந்திருந்த கடையில் தண்ணீர் வாங்கி, அவள் உப்பைக் கரைப்பதற்குள் ராஜாராம் ஒரு கண்ணாடி மிட்டாய் பாட்டிலோடு வந்து நின்றான். மடி நிறைய மிட்டாய்.

"மொத்தமும் வாங்குனாத்தான் பாட்டிலு குடுப்பேன்னுட்டான்."

காற்றுக்குழாய் விட்டு, பவளத்தை அதில் இறக்கினாள். பக்கத்தில் நீல பல்பு. மூன்றாம் நாள் இரண்டு மொட்டுகள் வெளுத்துக் கரைந்தன. அவற்றை எடுத்துப் போட்டாள். மற்ற ஐந்தும் மூடியே இருந்தன. ஒரு கிலோ காயை நிமிடங்களில் பிரிக்கிற அந்தக் கண்ணுக்கு இவற்றில் எது உயிர், எது சாவு என்று பிரிக்க முடியவில்லை. ஒதுக்கவும் கை வரவில்லை. இரண்டு நாளுக்கொரு முறை சாம் பஸ்சில் அனுப்பிய உப்பில் தண்ணீரை மாற்றினாள். ராஜாராம் அந்தப் பாட்டில் பக்கமே வருவதில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் விளக்கைப் போட்டவள், "ஏங்க" என்றாள். ஜீப்பில் ஆட்களை உட்காரவைத்துவிட்டுச் சாவி எடுக்க வந்தவன் அப்படியே நின்றான். ஒன்று விரிந்திருந்தது. பச்சை ஓரம், கடுகளவு வாய்.

அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"கண்ணே கெடையாதுன்னியே. லைட்டு போட்டது அதுக்கு எப்படித் தெரியுது?"

வெளியே பெண்கள் ஹாரனை அழுத்தினார்கள். "ராஜாராம் அண்ணே, பொழுது ஏறுதுல்ல!"

இரண்டாவது மொட்டின் நுனியில் ஒரு பச்சைக் கீற்று தெரிந்தது. அவன் சாவியைக் கையில் பிடித்தபடி அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டான்.