மூன்று அக்காக்களும் ஒரு மஞ்சள் புடவையும்

பாண்டி பஜாரில் ஒரு பட்டுக்கடைக்கு விளம்பரம் எழுதிக் கொடுக்கிறேன். இந்த வாரம் புதிதாக வந்தது ஒரே ஒரு டிசைன், அதுவும் மஞ்சளில் மட்டும். முதலாளி அண்ணாச்சி போட்டோ போட மாட்டார். எதிர்க்கடைக்காரர் பார்த்து அப்படியே நெய்யக் கொடுத்துவிடுவாராம். எல்லாம் எழுத்திலேயே தெரிய வேண்டும்.

முதல் டிராஃப்டைப் படித்துவிட்டு, "ஏம்மா, எல்லா வரியும் மஞ்சள் புடவை, மஞ்சள் புடவைன்னே வருது? பாராவெல்லாம் வேற ஒரே நீளம். சலிப்பா இருக்கு. மாத்தி மாத்தி எழுதும்மா" என்றார்.

நியாயம்தான். உட்கார்ந்து திருத்தினேன். ஒரு பாரா நீளம், அடுத்தது ஒற்றை வரி. மஞ்சளை முதலில் மாம்பழ நிறம் என்றேன், அப்புறம் சாமந்தி, கடைசியில் எலுமிச்சை.

"இதுதாம்மா எழுத்து!" என்று நேற்றே வாடிக்கையாளர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்.

இன்று கடைக்குப் போனால் ஒரு கல்யாண வீடே உட்கார்ந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு மூன்று அக்காக்கள். ஒருத்தர் கட்டுவதை இன்னொருத்தர் கட்ட மாட்டாராம். அதனால் பெரியவர் மாம்பழம், நடு அக்கா சாமந்தி, சின்னவர் எலுமிச்சை என்று போனிலேயே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். போனை எடுத்தவரும் எல்லாவற்றுக்கும் "இருக்கு மேடம்" என்றிருக்கிறார்.

பிரித்துப் போட்ட மூன்றும் ஒரே புடவை.

"சாமந்தி எங்கம்மா?" நடு அக்கா என்னிடமே கேட்கிறார். நான் என்ன சொல்ல, அது மூன்றாவது பாராவில் இருக்கிறது என்றா?

அவர்கள் எழுந்து போனதும் அண்ணாச்சி சொன்னார்: "எல்லாத்தையும் மஞ்சள்னே மாத்திடும்மா. ஆனா படிக்கச் சலிப்பா இருக்கக் கூடாது."

மஞ்சளுக்கு இன்னொரு பெயர் தெரிந்தவர்கள் தயவுசெய்து கமெண்டில் சொல்லிவிடாதீர்கள்.