தலைமாட்டில் நின்றவள்

இராசமலர் என் மனைவிக்குத் தூரத்து உறவு. எண்பதுகளில் நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் நம்மவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய தொகைதான். தூரத்து உறவெல்லாம் சொந்தத் தங்கச்சி மாதிரி.

அவள் நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் மயக்க மருந்து கொடுக்கும் தாதியாக இருந்தவள். அதற்கென்றே படித்து, நோயாளியின் தலைமாட்டில் நின்று தன் கையாலேயே மயக்கி எழுப்பியவள். இங்கே வந்தபோது, அது டொக்டர்மாரின் வேலை என்று சொல்லிவிட்டார்கள். அதே தலைமாட்டில், டொக்டருக்கு மூச்சுக்குழாய் எடுத்துக் கொடுக்கிறவளாக நின்றாள். நானாக இருந்தால் ஊர் முழுக்கச் சொல்லி மூக்கால் அழுதிருப்பேன். அவளோ, “ஆர் மருந்து குடுத்தா என்ன அண்ணை, ஆள் எழும்பவேணும், அவ்வளவுதான்” என்பாள்.

என் மாமி, மனைவியின் தாய் அன்னபாக்கியம், பித்தப்பைக் கல்லோடு படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். வலி வந்தால் நகரின் பாபகூராப் பகுதியில் இருந்த எங்கள் வீடே விழித்திருக்கும். ஒருவழியாக ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்தது, ஒரு வெள்ளிக்கிழமை. முதல்நாள் இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடக்கூடாது என்றார்கள்.

“அதென்ன பெரிய காரியம்? வெள்ளி எண்டா நான் விரதம்தானே” என்றார் மாமி.

இராசமலர் வேலைசெய்த ஆஸ்பத்திரிக்கு, லீவு போட்டு நான்தான் கூட்டிப்போனேன். ஏதாவது சாப்பிட்டாரா என்று டொக்டர் கேட்டார். நான் தமிழில் கேட்க, மாமி இல்லையென்று தலையாட்டினார். கட்டிலைத் தள்ளப்போகிற நேரம் இராசமலர் வந்தாள்.

“மாமி, இண்டைக்கு வெள்ளியெல்லே. பாலும் பழமும் எடுத்தனீங்களோ?”

“ஓம் பிள்ளை. விடியக் குளிச்சிட்டு ஒரு கோப்பை பால், ஒரு வாழைப்பழம். அது சாப்பாடே?”

இராசமலரின் முகம் மாறியது. மயக்கத்தில் கிடக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்றாள். மாமி அவளுடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“டொக்டரிட்டைச் சொல்லிப்போடாதை பிள்ளை. இந்த நோவோடை இனியும் கிடக்க என்னாலை ஏலாது.”

“சொல்லாமல் விட என்னாலையும் ஏலாது மாமி.”

கையை மெல்ல விடுவித்துக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டாள். அன்று ஒப்பரேஷன் இல்லை. அடுத்த திகதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “எங்கடை ஆள் உள்ளுக்கு நிண்டும் என்ன பிரயோசனம்?” என்று காருக்குள் கத்தினேன். மாமியும் ஓம் போட்டார். த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு வீட்டில் நடந்த நவராத்திரிப் பூசையில் இராசமலர் சுண்டல் நீட்ட, மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகும் வலி வந்து மாமியை உருட்டி எடுத்தது. கேள்விப்படும் போதெல்லாம் இராசமலர் போன் எடுத்து விசாரிப்பாள். மாமி கிட்டவும் வரமாட்டார். “சரி அண்ணை, பாத்துக்கொள்ளுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பாள். கோபத்தோடு இருந்த எனக்கே பாவமாக இருக்கும்.

மறு திகதியும் வந்தது. கட்டிலைத் தள்ள ஆள் வந்ததும், மாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்பி உட்கார்ந்துவிட்டார்.

“எங்கை அவள்?”

“இண்டைக்கு வேறை ஒப்பரேஷன் அறைக்கு மாறிப்போட்டாளாம். தன்னைக் கண்டா உங்களுக்குக் கோபம் வருமெண்டு” என்றேன்.

“கோபம் இருக்குத்தான். போய்க் கூட்டிக்கொண்டு வா.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமியைப் பார்த்தேன்.

“என்ன பாக்கிறாய் தம்பி? நான் நினைவில்லாமல் கிடக்கேக்கை எனக்காகக் கதைக்க ஆள் வேணும். நான் கையைப் பிடிச்சுக் கெஞ்சியும் மறைக்காதவள் அவள் ஒருத்திதான்.”

சொல்லியனுப்பியதும் இராசமலர் ஓடிவந்தாள். கண்கள் கலங்கியிருந்தன. ஆனாலும் தலைமாட்டில் வந்து நின்றதும் கேட்கவேண்டியதைத்தான் முதலில் கேட்கத் தொடங்கினாள்.

“மாமி, இண்டைக்கு...”

“ஒண்டுமில்லை. தண்ணியும் தொடேல்லை” என்றார் மாமி, அவளுடைய கையைத் தேடிப் பிடித்தபடி. “எழும்பினாப் பிறகு முதல் வாய்ப் பால் நீதான் பருக்கவேணும்.”