முடி கொட்டிய முடிதிருத்தகம்

அப்பாவும் மகளும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு எழுத்துகளைக் கழற்றியது.

அன்று இரவு பலத்த இடி மின்னலோடு சூறைக்காற்று வரும் என்று வானிலை அறிவிப்பு சொல்லியிருந்தது. அப்பா முடிவெட்டுகிறவர். கடை வாசலுக்கு மேலே ‘முடிதிருத்தகம்’ என்று தகரத்தில் வெட்டிய எழுத்துகள், ஒவ்வொன்றும் ஓர் அடி உயரம். போன மாதக் காற்றில் முதல் இரண்டும் பறந்துவிட்டன. கடைக்கே முடி கொட்டிவிட்டது என்று எதிர்க்கடைத் தையல்காரர் தெரு முழுக்கத் தண்டோரா போட்டார்.

மிச்சம் நின்றது ‘திருத்தகம்’. அதைப் படித்துவிட்டு ஓர் அம்மாள் தன் கணவரைக் கையோடு இழுத்து வந்து, இவரைத் திருத்த எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். அப்பா அசரவில்லை. அவரை நாற்காலியில் உட்கார வைத்து மீசையை எடுத்தார். கழுத்துக்கு மேலே, தோலுக்கு வெளியே இருப்பது மட்டும்தான் தன் பொறுப்பு என்று சொல்லி அனுப்பினார்.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தைந்து வருடம் நின்றே வேலை பார்த்த கால்கள் அப்பாவுக்கு. பொழுது சாய்ந்தால் வீங்கிவிடும்.

“மிச்சமும் பறந்துச்சுன்னா மொத்த வழுக்கை. அப்புறம் கடையை மூடிட்டு வீட்டுல உட்காருங்க,” என்றாள்.

அப்பா வீறாப்பில் சரி என்றுவிட்டார். பிறகுதான் வானத்தைப் பார்த்தார். உடனே மகளுக்குப் போன் போட்டார்.

மகள் கட்டடப் பொறியாளர். வந்து நின்றதும் கணக்குப் போட்டாள்.

“ஒரு எழுத்து மேல காத்து ரெண்டரை கிலோ அழுத்தும். துருப்பிடிச்ச திருகாணி தாங்காதுப்பா.”

“நீ பொறந்தப்ப ரெண்டரை கிலோதான். ஒரு கையில தாங்கினேன்.”

“நீங்க திருகாணி இல்லப்பா.”

ஏணியில் அவரே ஏறினார். மகள் கீழே நின்று எழுத்துகளை வாங்கி அடுக்கினாள். கழற்றிய திருகாணிகளை வாயில் கவ்விக்கொண்டார். கத்தரிக்கோலை விட வேகமாக நாக்கு ஓடும் மனிதர், அரை மணி நேரம் பேச்சே இல்லை. சத்தம் நின்றதில் பயந்துபோன தையல்காரர், என்ன ஆச்சு என்று ஓடி வந்தார்.

ஏணியைப் பிடித்திருந்த அம்மா, எழுத்தைக் கழற்றி ஒளித்து வைப்பது அழுகுணி ஆட்டம் என்றாள். எழுத்துக்கும் காற்றுக்கும்தான் போட்டி, நடுவில் மகளைத் துணைக்குக் கூப்பிடக் கூடாது என்றாள். ஒத்துக்கொள்கிறீர்களா இல்லையா என்று மேலே பார்த்துக் கேட்டாள். வாய் நிறைய திருகாணி. அப்பா கையிலிருந்த எழுத்தைத் தூக்கிக் காட்டினார். அது ‘ம்’.

ஒத்துக்கொண்டாரே தவிர, கழற்றுவதை நிறுத்தவில்லை.

எழுத்துகள் வீட்டுக்கு வந்து மெத்தைக்கு அடியில் படுத்தன. வெளியே இடி இடித்தது. ‘க’ முதுகில் குத்துகிறது என்று அம்மா விடிய விடியப் புலம்பினாள்.

காலையில் தெருவில் இரண்டு மரம் சாய்ந்திருந்தது. தையல்காரர் ஏணியைப் பிடிக்க, ‘திருத்தகம்’ புதுத் திருகாணிகளோடு மேலே ஏறியது. கடையை மூடும் பேச்சை அம்மா தள்ளி வைத்தாள்.

கூட்டம் குறைந்ததும் தகரம் வெட்டுகிறவரிடம் போய் ‘மு’, ‘டி’ இரண்டுக்கும் சொல்லிவிட்டு வருவதாக அப்பா சொன்னார். காலண்டர் தாளின் பின்பக்கம் இரண்டையும் அளவோடு வரைந்து வைத்தார். புதன்கிழமை கூட்டம் குறையவில்லை. வியாழக்கிழமை விடியற்காலை நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் போய்விட்டார்.

தாள் அவர் சட்டைப்பையில் இருந்தது. மகள் அளவுகளைச் சரிபார்த்தாள். சரியாக இருந்தன. தகரம் வெட்டும் கடை இரண்டு தெரு தள்ளி. தாளோடு கிளம்பினாள்.